யாரைக் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள்?

2012 மார்ச் 5 அன்று மத்திய வணிக அமைச்சகம் பஞ்சு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. முறைப்படி பதிவு செய்து, கப்பலேறக் காத்திருந்த பேல்கள் லட்சக்கணக்கில் இருந்தன. ஏற்றுமதியாளர்கள் கொதித்தது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அப்போதைய வேளாண் அமைச்சர் சரத் பவார், இந்த முடிவைப் பற்றித் தன்னிடம் யாரும் கேட்கவே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. பஞ்சு விளைவிக்கும் விவசாயிகளுக்குப் பொறுப்பான அமைச்சர், தானும் உட்கார்ந்திருக்கும் அமைச்சரவையின் தடையை எதிர்த்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அன்று குஜராத் முதலமைச்சராக இருந்த நரேந்திர மோடியும் எதிர்ப்புக் கடிதம் அனுப்பினார். ஒரு வாரத்துக்குள் அமைச்சர்கள் குழு கூடி, ஏற்கெனவே பதிவான சரக்கை மட்டும் அனுப்பலாம் என்று தடையைத் தளர்த்தியது.

தொழில் அமைப்புகளோடு அரசு கலந்து பேசுவதில்லை என்று இதை வைத்து முடிவுகட்டினால் அது தவறு. இந்தியாவில் வணிகக் கொள்கை பற்றிப் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. மத்திய வணிக வாரியம் கூடுகிறது. ஏற்றுமதி மேம்பாட்டு கவுன்சில்கள் பொருளுக்கு ஒன்றாக இருக்கின்றன. பட்ஜெட்டுக்கு முன் நிதியமைச்சர் தொழில்துறையினரை வரிசையாகச் சந்திக்கிறார். திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் மனுவோடு டெல்லிக்குப் போகாத மாதம் அரிது. ஆனால் இந்தச் சந்திப்புகளின் பெரும்பகுதி, முடிவு எடுத்த பிறகு அதை எப்படிச் சரிசெய்வது என்பதைப் பற்றியது. முடிவுக்கு முன் கேட்பதும், கேட்டதை ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் சொல்வதும் அண்மைக்காலம் வரை அரசின் பொதுக் கடமையாக எழுதப்படவில்லை.

சட்டத்தைப் பார்ப்போம். 1992-ஆம் ஆண்டின் அயல்நாட்டு வணிகம் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின் 3-ஆம் பிரிவு, அரசிதழில் ஓர் ஆணை வெளியிட்டு எந்தப் பொருளின் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. சுங்கச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, பொதுநலன் கருதி வரிவிலக்கு அளிக்கவும் அதை நீக்கவும் இடம் கொடுக்கிறது. இரண்டிலுமே யாரையும் கேட்க வேண்டும் என்ற வாசகம் கிடையாது. நீதிமன்றமும் பெரிதாக உதவாது. 1987-இல் சயனமைட் இந்தியா வழக்கில், விலை நிர்ணயம் சட்டமியற்றும் தன்மை கொண்ட செயல், அதனால் பாதிக்கப்படுவோரின் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்ற இயற்கை நீதி விதி அதற்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தர்க்கத்தை ஏற்றுமதித் தடைக்கும் நீட்டுவது அரசு வழக்குரைஞருக்குச் சிரமமான வேலையல்ல. 2014-இல் மத்திய அரசு ஏற்ற சட்டமுன் கலந்தாலோசனைக் கொள்கை, வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்கிறது. அது கொள்கைதான், சட்டமல்ல. இரவோடு இரவாக வரும் வணிக அறிவிக்கைகள் அதன் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

2022 மே மாதத்துக் கோதுமைத் தடையைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். மே 12 அன்று, கோதுமை ஏற்றுமதியைப் பெருக்க ஒன்பது நாடுகளுக்கு வணிகக் குழுக்களை அனுப்பப்போவதாக அரசு அறிவித்தது. மே 13 தேதியிட்ட அறிவிக்கை ஏற்றுமதியைத் தடைசெய்தது. வெப்ப அலையால் விளைச்சல் குறைந்தது, உள்நாட்டு விலை ஏறியது, எல்லாம் உண்மை. தடைக்கான காரணத்தோடு யாரும் பெரிதாகச் சண்டை போட முடியாது. சண்டை அதன் விதிவிலக்கில் இருந்தது. அறிவிக்கைத் தேதியன்றோ அதற்கு முன்போ திறக்கப்பட்ட, திரும்பப் பெற முடியாத எல்.சி. வைத்திருப்பவர் மட்டும் சரக்கை அனுப்பலாம். எல்.சி. என்பது வாங்குபவரின் வங்கி தரும் பண உத்தரவாதம். பெரிய நிறுவனங்கள் பல எல்.சி. இல்லாமல் பேச்சையே தொடங்குவதில்லை. நடுத்தர ஏற்றுமதியாளர் பலர் பழகிய வாங்குபவரோடு முன்பணத்திலும், ஆவணம் வந்ததும் பணம் என்ற ஏற்பாட்டிலும் வியாபாரம் செய்பவர்கள். அவர்களிடம் ஒப்பந்தம் இருந்தது, சரக்கு இருந்தது, லாரியும் காண்ட்லா துறைமுக வாசலில் நின்றது, எல்.சி. மட்டும் இல்லை. அந்தத் துறைமுகத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கான லாரிகள் வரிசைகட்டி நின்றன. சில நாள்களில், தடைக்கு முன்பே சுங்கத்திடம் ஒப்படைத்த சரக்கை அனுப்பலாம் என்று விதி தளர்ந்தது. எகிப்துக்கான கப்பல் ஒன்று அதனால் புறப்பட்டது. அடுத்து, முன்தேதியிட்ட போலி எல்.சி.க்கள் வருகின்றன என்ற சந்தேகம் எழுந்து, ஒவ்வொன்றையும் நேரில் சரிபார்க்கும்படி அயல்நாட்டு வணிகத் தலைமை இயக்ககம் தன் வட்டார அலுவலகங்களுக்கு உத்தரவிட்டது.

கோதுமை வியாபாரம் எந்த வடிவத்தில் நடக்கிறது என்று சங்கங்களிடம் இரண்டே நாள் முன்னதாகக் கேட்டிருந்தால், எல்.சி.யை ஒற்றை அளவுகோலாக வைத்திருக்க மாட்டார்கள். இதற்கு அரசு தரப்பில் ஒரு பதில் உண்டு, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. தடை வரப்போகிறது என்று கசிந்தால் அந்த இரண்டு நாளில் இருக்கிற சரக்கெல்லாம் கப்பலேறிவிடும், பதுக்குபவர் பதுக்குவார், தடையின் நோக்கமே போய்விடும். உணவுப் பொருளின் ஏற்றுமதித் தடைக்கு முன் மாதக்கணக்கில் கருத்துக் கேட்க முடியாது என்பது சரிதான். ஆனால் அவசரம் எல்லா முடிவுக்கும் பொருந்துகிறதா? 2023 ஆகஸ்ட் 3 அன்று மடிக்கணினி, டேப்லெட் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என்று அதே நாளிலிருந்து அமலாகும்படி அறிவிக்கை வந்தது. மறுநாளே அது அக்டோபர் 31 வரை தள்ளிவைக்கப்பட்டது. அக்டோபரில் உரிமமுறை கைவிடப்பட்டு, பதிவு செய்து இறக்குமதி செய்யும் மென்மையான ஏற்பாடாக மாறியது. மடிக்கணினியைப் பஞ்ச காலத்தில் யாரும் பதுக்கப்போவதில்லை. நிறுவனங்களை முன்கூட்டி அழைத்துப் பேசியிருந்தால் அக்டோபரில் வந்த ஏற்பாடு ஆகஸ்டிலேயே வந்திருக்கும். இடைப்பட்ட மாதத்தில் அமெரிக்க வணிகப் பிரதிநிதி கேத்தரின் தை டெல்லிக்கு வந்து இதைப் பற்றிப் புகார் சொன்னதும் நடந்தது. உள்ளூர்த் தொழில்துறையிடம் கேட்காமல் போட்ட விதிக்காக வெளிநாட்டு அமைச்சரிடம் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வந்தது.

இதுவரை தொழில்துறை என்பதை ஒரே குரல் போலப் பேசிவிட்டோம். தமிழ்நாட்டில் இதைப் படிப்பவருக்கு அது உண்மையல்ல என்று தெரியும். அவிநாசி சாலையில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்களின் நலன்கள், நூல் விலை என்ற ஒரே விஷயத்தில் நேரெதிராக நிற்கின்றன.

திருப்பூரில் நூற்பாலைகள் மாதத்தின் முதல் தேதியில் நூல் விலையை அறிவிப்பது வழக்கம். பின்னலாடை ஏற்றுமதியாளர் ஆர்டரை எடுக்கும்போதே பீஸுக்கு இத்தனை டாலர் என்று விலை பேசி முடித்துவிடுகிறார். நூல் வாங்கி, பின்னி, சாயம் போட்டு, தைத்து அனுப்ப மூன்று, நான்கு மாதம் ஆகும். இடையில் ஒரு முதல் தேதியில் கிலோவுக்கு முப்பது, நாற்பது ரூபாய் ஏறினால் அந்த ஆர்டரின் லாபம் போய்விடும். அதனால் விலை ஏறும்போதெல்லாம் திருப்பூர் கேட்பது ஒன்றுதான்: நூல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துங்கள். கோவையின் நூற்பாலைகள் அதே நூலைச் சீனத்துக்கும் வங்கதேசத்துக்கும் விற்கின்றன. தமிழ்நாட்டில் விளையும் பஞ்சு மில்களுக்குப் போதாது. குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் கேண்டி என்ற எடைக் கணக்கில் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஏற்றுமதிச் சந்தையை மூடினால் உள்ளூரில் நூல் தேங்கும் என்பது அவர்கள் வாதம். 1933-இல் தொடங்கிய தென்னிந்திய மில்கள் சங்கமும் 1990-இல் தொடங்கிய திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் ஒரே அமைச்சரிடம் எதிரெதிர் மனுக்களைக் கொடுத்த சந்தர்ப்பங்கள் பல.

2010–11 பருவத்தில் திருப்பூர் தரப்பின் கோரிக்கை வென்றது. பருத்தி நூல் ஏற்றுமதிக்கு ஆண்டுக்கு 72 கோடி கிலோ என்று உச்சவரம்பு வைத்தார்கள். சில மாதங்களில் நூல் மில்களில் மலையாய்க் குவிந்தது, விலை சரிந்தது, பல மில்கள் ஷிஃப்டைக் குறைத்தன. இந்தச் சரிவை வரம்பின் கணக்கில் மட்டும் எழுதுவது நேர்மையாகாது. 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, நூலுக்கான உள்ளூர்த் தேவையே சுருங்கிப்போனது. இருந்தாலும் ஒரு தரப்பைக் கேட்டு எடுத்த முடிவு இன்னொரு தரப்பின் மேல் விழுந்தது என்பதில் ஐயமில்லை. 2022-இல் ஒரு கேண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது, திருப்பூர் மே மாதம் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்து பழைய கோரிக்கையை மீண்டும் வைத்தது. இம்முறை அரசு நூலைத் தொடவில்லை; பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை ஏப்ரலிலேயே தற்காலிகமாக நீக்கியிருந்தது. மில்லும் பின்னலாடையும் சேர்ந்து கேட்கக்கூடிய ஒரே கோரிக்கை அதுதான். தொழில் அமைப்புகள் தங்களுக்குள் ஒத்துப்போகும் இடத்தை அரசு தேடிப் பிடிக்கிறது. அந்த இடத்தில் பெரும்பாலும் விலை கொடுப்பவர் அறையில் இல்லாதவர்.

செயற்கை இழையில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். நாட்டின் விஸ்கோஸ் இழை உற்பத்தியில் மிகப் பெரும்பங்கு ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. வெளிநாட்டு விஸ்கோஸ் மீதான பொருள்குவிப்புத் தடுப்பு வரி 2021 ஆகஸ்டில் நீங்கியது. ஈரோட்டு விசைத்தறிக்காரரும் கோவை நூற்பாலைக்காரரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். 2023-இல் தரக்கட்டுப்பாட்டு ஆணை என்ற பெயரில் வேறொரு கதவு மூடியது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சான்று இல்லாத வெளிநாட்டு ஆலையின் சரக்கு உள்ளே வர முடியாமல் போனது. சான்று தர அதிகாரிகள் அந்த ஆலைக்கே போய்ச் சோதிக்க வேண்டியிருந்தது. வரி என்றால் கூடுதல் பணம் கட்டியாவது சரக்கைக் கொண்டுவரலாம், இதில் அந்த வழியும் இருக்கவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. தொழில்நுட்பத் தடைகள் குறித்த உலக வணிக அமைப்பின் ஒப்பந்தப்படி இத்தகைய ஆணையின் வரைவை மற்ற உறுப்பு நாடுகளுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கருத்துச் சொல்ல 60 நாள் தருவது நடைமுறை. இந்தோனேசிய உற்பத்தியாளர் தன் அரசு மூலம் ஜெனிவாவில் ஆட்சேபம் எழுப்பலாம், அதற்குக் கோப்பு எண் உண்டு, பதில் எதிர்பார்க்கும் உரிமை உண்டு. பள்ளிபாளையத்து விசைத்தறிக்காரருக்கு அப்படி ஓர் அஞ்சல்பெட்டி இல்லை. அவர் தன் சங்கத்திடம் சொல்ல வேண்டும், சங்கம் கூட்டமைப்பிடம், கூட்டமைப்பு எம்.பி.யிடம். பாலியஸ்டர், விஸ்கோஸ் தரக்கட்டுப்பாட்டு ஆணைகள் 2025 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன. அதற்குள் பல ஆண்டு ஆர்டர்கள் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் போயிருந்தன என்பது ஜவுளிக்காரர்களின் புகார்.

பொருள்குவிப்புத் தடுப்பு வரியில் விசாரணை முறை இருப்பதையும் சொல்லியாக வேண்டும். 1995-ஆம் ஆண்டு விதிகளின்படி பாதிக்கப்படும் தரப்புகள் பதிவு செய்துகொண்டு வாதிடலாம். இறுதி முடிவுக்கு முன், எந்த உண்மைகளின் அடிப்படையில் முடிவெடுக்கப்போகிறோம் என்று அதிகாரி எழுத்தில் வெளியிட வேண்டும். உலக வணிக அமைப்பின் நெருக்கடியால் வந்த ஒழுக்கம் இது. கேட்கவும் காரணம் சொல்லவும் நம் அதிகார அமைப்புக்குத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பெரிய ஒப்பந்தங்களில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே ஆண்டுக்கணக்கில் கலந்து பேசுகிறார்கள், ஆனால் மூடிய அறையில். அரசமைப்புச் சட்டத்தில் வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அயல்நாட்டு ஒப்பந்தம் மத்தியப் பட்டியலில். 253-ஆம் உறுப்பு, ஒப்பந்தத்தை நிறைவேற்ற மாநிலப் பொருளிலும் சட்டமியற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 2009 ஆகஸ்டில் ஆசியான் நாடுகளோடு ஒப்பந்தம் கையெழுத்தானபோது கேரளம் இதை உடம்பில் உணர்ந்தது. ரப்பர், மிளகு, தேங்காய் என்று அந்த மாநிலத்தின் மலையும் கடற்கரையும் வாழும் பயிர்கள் எல்லாம் பேரத்தில் இருந்தன. மாநில அரசைக் கேட்கவில்லை என்றார் முதலமைச்சர் அச்சுதானந்தன். அக்டோபர் 2 அன்று காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி கோத்தார்கள். ஒப்பந்தத்தின் இணைப்புப் பட்டியலைப் படித்தால், மிளகு, காபி, தேயிலை, பாமாயில் ஆகியவற்றுக்கு வரிக் குறைப்பு மெதுவாக நடக்கும்படி தனி வகை ஒதுக்கப்பட்டிருப்பது தெரியும். யாரோ யாரிடமோ பேசி வாங்கிய சலுகைதான் அது. ஆனால் எந்த வாதம் எடுபட்டது, எது விழுந்தது என்று வெளியே தெரியாததால், கிடைத்த பாதுகாப்பையும் யாரும் நம்பவில்லை.

பிராந்திய முழுமைப் பொருளாதாரக் கூட்டாண்மைப் பேச்சிலிருந்து 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் இந்தியா விலகியதற்கு அந்தப் பழைய அனுபவமும் காரணம். ஏழாண்டு பேசிவிட்டுக் கடைசி நாளில் விலகினார்கள். நியூசிலாந்துப் பால்பொடி வந்தால் சிறு மாட்டுக்காரர் தாங்க மாட்டார் என்ற அமுல் தரப்பின் பிரசாரமும், எஃகு, ஜவுளித் துறைகளின் சீன பயமும் அதற்குப் பின்னால் இருந்தன. பால் கூட்டுறவுக்குக் கோடிக்கணக்கான உறுப்பினர்கள் உண்டு, அவர்கள் வாக்காளர்கள். அந்தக் குரல் கேட்டது. விலகியது சரியா தவறா என்பது தனி விவாதம். சேர்ந்தால் எந்தத் துறைக்கு எவ்வளவு லாபம், எதற்கு எவ்வளவு நட்டம் என்று அரசே மதிப்பிட்டு வெளியிட்ட ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த விவாதத்தை நடத்தும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கவில்லை.

அத்தகைய ஆவணம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, நாமே கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தத்தின் மறுபக்கத்தைப் பார்த்தால் போதும். இந்தியாவோடு பேசத் தொடங்கும் முன் பிரிட்டன் 2021 மே முதல் ஆகஸ்ட் வரை 14 வாரம் பொதுவெளியில் கருத்துக் கேட்டது. 2022 ஜனவரியில் பேச்சு தொடங்கியபோது, வந்த கருத்துகளின் தொகுப்பையும் அவற்றுக்கு அரசின் பதிலையும் பொருளாதார மதிப்பீட்டையும் சேர்த்துப் புத்தகமாக வெளியிட்டது. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான பின்னும் ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தில் 21 அமர்வு நாள் வைத்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். பேரத்தின் ரகசியம் கெட்டுவிடும் என்று நம் அதிகாரிகள் சொல்லும் காரணம், எதிரே உட்கார்ந்திருந்தவர்களைத் தடுக்கவில்லை.

வெளிநாட்டு முறைகள் எல்லாம் சிறப்பு என்றும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்கா 1974-இலேயே வணிகச் சட்டத்தில் ஆலோசனைக் குழுக்களை எழுதிவைத்தது. அந்தக் குழுக்களில் பெருநிறுவனங்களின் ஆட்களே நிறைந்திருப்பதாக அங்கேயே நீண்டகாலக் குறை உண்டு. சீனப் பொருள்கள் மீதான வரியை விரிக்க 2019 ஜூனில் ஏழு நாள் பொது விசாரணை நடத்தி முந்நூறுக்கும் மேற்பட்டோரின் சாட்சியம் கேட்டார்கள். வரி வந்தது, ஆனால் கைப்பேசியும் மடிக்கணினியும் டிசம்பருக்குத் தள்ளிப்போய்ப் பிறகு தப்பின, சில பொருள்கள் பட்டியலிலிருந்தே நீங்கின. 2025-இல் அதே நாடு நெருக்கடிநிலைச் சட்டத்தைக் காட்டி, எந்த விசாரணையும் இல்லாமல் இந்தியப் பொருள்கள் மேல் ஆகஸ்ட் 27 முதல் மொத்தம் 50 சதவீத வரியைப் போட்டது. அதற்கு முதல் அடி வாங்கிய ஊர்களில் திருப்பூரும் ஒன்று.

இலங்கையில் இதன் எதிர்முனையைக் காணலாம். இந்தியாவோடு விரிவான பொருளாதாரக் கூட்டாண்மைக்கான பேச்சு 2008-இல் முடிந்து, அவ்வாண்டு கொழும்பில் நடந்த சார்க் மாநாட்டில் கையெழுத்தாவதாக இருந்தது. உள்ளூர்த் தொழில்முனைவோரின் எதிர்ப்பால் பேனா திறக்கப்படவே இல்லை. பிறகு வேறு பெயரில் தொடங்கிய முயற்சியை மருத்துவர் சங்கம் முன்னின்று எதிர்த்தது. பேச்சு முடிந்த பிறகு காட்டப்படும் உடன்படிக்கைக்குத் திருத்தம் சொல்ல இடமில்லை, வேண்டாம் என்று சொல்ல மட்டுமே இடம் உண்டு. சங்கங்கள் அதைச் செய்தன.

இந்தப் பின்னணியில்தான் 2025 ஜனவரி 2-ஆம் தேதி அறிவிக்கையைப் படிக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு அயல்நாட்டு வணிகக் கொள்கையில் 1.07ஏ, 1.07பி என்று இரண்டு பத்திகள் சேர்க்கப்பட்டன. கொள்கையை வகுக்கும்போதும் திருத்தும்போதும் ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், துறை வல்லுநர் ஆகியோரின் கருத்தைக் கேட்பதற்கு இவை சட்ட ஆதாரம் தருகின்றன. ஏற்காத கருத்துக்குக் காரணம் தெரிவிக்கும் ஏற்பாட்டையும் பேசுகின்றன. எனக்குத் தெரிந்து, பொருள்குவிப்புத் தடுப்பு விசாரணைக்கு வெளியே நம் வணிக நிர்வாகத்தில் இந்த இரண்டாம் பகுதி புதிது. 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் வணிக எளிமையாக்க ஒப்பந்தத்திலும் முன்கூட்டிக் கேட்கும் கடமை இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் விதிவிலக்கைப் பாருங்கள். தேவை என்று கருதினால் யாரையும் கேட்காமலே திருத்தும் உரிமையை அரசு தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறது. வரிவிகித மாற்றங்கள் இந்தப் பத்திகளின் எல்லைக்குள் வருவதே இல்லை; அவை நிதியமைச்சகத்தின் கையில், சுங்கச் சட்டத்தின் கீழ். பஞ்சு, கோதுமை, மடிக்கணினி என்று மேலே பார்த்த தடைகள் மூன்றும் முதல் ஓட்டை வழியாகவும், 2023 ஆகஸ்டில் புழுங்கலரிசி மேல் ஒரே நாளில் விழுந்த 20 சதவீத ஏற்றுமதி வரி இரண்டாம் ஓட்டை வழியாகவும் தாராளமாக நழுவிப் போய்விடும். அவசரத்தில் கேட்க முடியாது என்றால், தடை போட்ட முப்பது நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களைக் கேட்டு, தொடரலாமா விலக்கலாமா என்று காரணத்தோடு வெளியிடுவதற்கு என்ன தடை? பதுக்கல் பயம் அப்போது இருக்காது. இதை விதியாக எழுதுவதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம், அந்த இரண்டு பத்திகளுக்குக் கீழே மூன்றாவது ஒன்றைச் சேர்த்தால் போதும்.

கேட்பது என்றால் யாரை என்ற கேள்வியும் திறந்தே இருக்கிறது. அமெரிக்க வரி அமலுக்கு வரும் சமயத்தில், 2025 ஆகஸ்ட் 18 அன்று பஞ்சு இறக்குமதி வரி செப்டம்பர் 30 வரை நீக்கப்பட்டது. ஜவுளிச் சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை அது. பத்தே நாளில் சலுகை டிசம்பர் 31 வரை நீண்டது. அக்டோபரிலிருந்துதான் புதுப் பஞ்சு மண்டிக்கு வரத் தொடங்கும். ஜவுளிச் சங்கங்கள் நீட்டிப்புக்கு நன்றி சொல்லி அறிக்கை விட்டன, விவசாய சங்கங்கள் தெருவுக்கு வந்தன. விதர்பாவிலும் ஆதிலாபாத்திலும் விதைப்பு முடிந்து செடி காய் பிடித்துக்கொண்டிருந்தது. வரி இருக்கும் என்று நம்பி விதைத்தவர்கள் அவர்கள்.